முட்டி ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது: கட்டா, ஆபரேஷனா, பயிற்சியா?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். காணும் பொங்கலன்று பள்ளிப்பட்டுப் பக்கம் கபடி. ரெய்டு போன இடத்தில் கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள். வலது பாதம் மண்ணில் ஊன்றியிருக்க, உடம்பு மட்டும் திரும்பியது. 'டப்' என்று ஒரு சத்தம். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குள் முட்டி பெரிதாக வீங்கிவிட்டது. பத்து நாள் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில் 'ஏ.சி.எல். பாதிக் கிழிசல், எம்.சி.எல். இரண்டாம் நிலைக் கிழிசல்' என்று வந்திருக்கிறது (இரண்டும் முட்டி எலும்புகளைக் கட்டிப் பிடிக்கும் ஜவ்வு, கீழே விளக்குகிறேன்). ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர் மூன்று மாதம் பயிற்சி செய்து பார்ப்போம் என்கிறார். அம்மா, நாட்டு எலும்புக்கட்டுக்குப் பேர்போன புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வா என்கிறார். மூன்று வாரம் ஆகியும் காலை முழுதாக நீட்ட முடியவில்லை. தறிக்கு எப்போது திரும்பலாம், ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் காவடி எடுக்க முடியுமா, மறுபடி கபடி ஆட முடியுமா என்று கேட்கிறீர்கள்.

நான் திருத்தணிக்கும் நகரிக்கும் நடுவே 17 வருடமாகப் பிசியோதெரபி பார்த்து வருகிறேன். கபடி முட்டி, வண்டியிலிருந்து விழுந்த முட்டி, நெல் வயலில் வரப்பு சறுக்கிய முட்டி என்று நிறையப் பார்த்தாயிற்று. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதே ஆபரேஷனுக்கு ஓட வேண்டியதில்லை. காலை அசைக்காமல் ஆறு வாரம் கட்டிவைப்பதும் வேண்டாம். அடுத்த மூன்று மாதத்தைத் தொடைத் தசைக்குக் கொடுங்கள். அப்புறம் முட்டி நழுவுகிறதா, நிற்கிறதா என்பதை வைத்து ஆபரேஷனைப் பற்றி முடிவெடுங்கள். உங்கள் காலை நான் தொட்டுப் பார்க்கவில்லை. பார்த்த டாக்டர் இதற்கு மாறாக ஏதாவது கண்டுபிடித்திருந்தால் அவர் சொல்வதுதான் கணக்கு.

நம் பக்கம் முட்டிக்குள் எது கெட்டாலும் 'ஜவ்வு' என்றே சொல்கிறோம். எலும்பை எலும்போடு கட்டும் லிகமெண்டும் ஜவ்வு, இரண்டு எலும்புக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸும் ஜவ்வு, வயதானவர்களுக்குத் தேய்கிற குருத்தெலும்பும் ஜவ்வு. அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரர் 'எனக்கும் ஜவ்வுதான், ஊசி போட்டேன், சரியாகிவிட்டது' என்று சொல்லும்போது நீங்கள் குழம்புகிறீர்கள். அவருடையது தேய்மானம், உங்களுடையது கிழிசல். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. தேய்மானத்துக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் புதிதாகக் கிழிந்த லிகமெண்டுக்குப் போட்டுக்கொள்ளக் கூடாது, அது ஆறுவதைக் கெடுக்கும்.

லிகமெண்ட் ஒரு கயிறு. முட்டியில் முக்கியமானவை நான்கு. உள்பக்கம் எம்.சி.எல்., வெளிப்பக்கம் எல்.சி.எல். மூட்டுக்குள்ளே பெருக்கல் குறி போலக் குறுக்கே போகிறவை இரண்டு, முன்னால் ஏ.சி.எல்., பின்னால் பி.சி.எல். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் திருகிக்கொள்ளாமலும் பிடித்துக்கொள்வது ஏ.சி.எல்.லின் வேலை. ஏறக்குறைய சுண்டுவிரல் அளவுதான் இருக்கும், ஆனால் இளவயதில் 200 கிலோ இழுவையைத் தாங்கும். அது ஒற்றைக் கயிறும் இல்லை, இரண்டு புரி சேர்ந்தது. ஒரு புரி முட்டி மடங்கும்போது இறுகும், மற்றது நீட்டும்போது இறுகும். இந்த இரண்டாவது புரிதான் திருகலை அதிகம் தடுக்கிறது. பாதிக் கிழிசல் என்றால் பெரும்பாலும் ஒரு புரி போய் ஒரு புரி மிஞ்சியிருக்கிறது, அல்லது இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் நார் அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

இங்கேதான் நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியது இருக்கிறது. ரிப்போர்ட்டில் இருக்கும் 'பாதி' என்ற சொல்லை அப்படியே நம்பிவிடாதீர்கள். முழுதாக அறுந்ததைக் கண்டுபிடிப்பதில் எம்.ஆர்.ஐ. கெட்டி. பாதி அறுந்ததில் அவ்வளவு தெளிவு கிடைப்பதில்லை. மூட்டுக்குள் ரத்தம் நிறைந்திருக்கும் முதல் சில வாரங்களில் இன்னும் கஷ்டம். படத்தில் பாதி என்று வந்து, கையில் பார்த்தால் முழுதாகத் தொளதொளத்த முட்டியையும் பார்த்திருக்கிறேன். படத்தில் ரொம்ப மோசமாகத் தெரிந்து, இழுத்துப் பார்த்தால் கெட்டியாக நிற்கிற முட்டியையும் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொல்வது டாக்டரின் கை. முட்டியை 20, 30 டிகிரி மடக்கிவைத்து, தொடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்ப்பார்கள். அதற்கு லாக்மேன் சோதனை என்று பெயர். இடது காலோடு ஒப்பிட்டு எவ்வளவு அதிகம் வருகிறது, கடைசியில் 'டக்' என்று கயிறு பிடித்து நிறுத்துகிறதா, இல்லை பஞ்சு மாதிரி போய்க்கொண்டே இருக்கிறதா, இந்த இரண்டும்தான் முக்கியம். இன்னொன்று பிவட் ஷிஃப்ட் சோதனை. காலைத் திருகி மடக்கும்போது எலும்பு துள்ளி நழுவுகிறதா என்று பார்ப்பது.

அடிபட்ட முதல் வாரத்தில் வலியால் பின்தொடைத் தசை விறைத்துக்கொண்டு எலும்பை நகரவிடாது, அதனால் சோதனை சரியாக வராது. இப்போது உங்களுக்கு வீக்கம் குறைந்திருக்கும். மறுபடி ஒருமுறை எலும்பு டாக்டரிடம் போய், 'லாக்மேன் எப்படி இருக்கிறது, கடைசியில் கெட்டியாக நிற்கிறதா, பிவட் ஷிஃப்ட் இருக்கிறதா, மெனிஸ்கஸ் நன்றாக இருக்கிறதா' என்று இந்த நான்கையும் கேளுங்கள். ஒருவர் ஆபரேஷன் என்பதும் இன்னொருவர் வேண்டாம் என்பதும் பெரும்பாலும் இந்தப் பதில்களை வைத்துத்தான். பயப்படாமல் கேளுங்கள், உங்கள் கால் அது.

எம்.சி.எல். பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அது மூட்டுக்கு வெளியே, நல்ல ரத்த ஓட்டம் உள்ள இடத்தில் இருக்கிறது, தானாகவே ஆறும். இரண்டாம் நிலைக் கிழிசலுக்குச் சாதாரணமாக 4 முதல் 6 வாரம், சிலருக்கு 8 வாரம். பக்கவாட்டில் கம்பியும் கீலும் வைத்த முட்டி பிரேஸ் அந்தக் காலத்துக்குப் போதும். முட்டி மடங்கலாம், நீளலாம், உள்பக்கம் மட்டும் சாயக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கீல். மெடிக்கல் ஷாப்பில் விற்கிற சாதாரண எலாஸ்டிக் உறை வீக்கத்துக்கும் தைரியத்துக்கும் உதவும், கிழிந்த பக்கத்தைத் தாங்காது. ஏ.சி.எல். அப்படி இல்லை. அது மூட்டு நீரில் ஊறிக் கிடக்கிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து ஒட்டுவதற்கு அந்த நீர் விடுவதில்லை. பாதி மிஞ்சியிருக்கும் கயிறு சிலருக்குத் தழும்பு கூடி இறுகுகிறது, சிலருக்கு இறுகுவதில்லை. ஆகவே கயிறு செய்யாமல் விட்ட வேலையைத் தசை செய்ய வேண்டும்.

இனி அம்மா சொல்வது. அவர் மேல் கோபப்படாதீர்கள். இந்தப் பக்கத்தில் பிறந்தவர்கள் யாருக்கும் கை கால் என்றால் முதலில் ஞாபகம் வருவது புத்தூர்தான். பச்சிலையை அரைத்துப் பூசி, முட்டை வெள்ளைக்கரு தடவி, மூங்கில் சிம்பு வைத்துத் துணி சுற்றுகிற அந்தக் கட்டில் என் தாத்தாவின் முன்கை முறிவு கூடியது. வீட்டில் இன்றும் அதைச் சொல்வார்கள். முறிந்த எலும்பு, அதுவும் விலகாத எலும்பு, அசையாமல் இருந்தால் கூடும். கட்டின் வேலையே அசையாமல் வைப்பது. உங்களுக்கு எலும்பு முறியவில்லை. உங்களுக்கு வேண்டியது அசைவு. ஒரு முட்டியை நீட்டியபடியே ஆறு வாரம் கட்டிவைத்தால், கயிறு கூடுகிறதோ இல்லையோ, தொடைத் தசை கண்ணுக்குத் தெரிகிற அளவு வற்றிப்போகும், மூட்டு இறுகிவிடும்.

சில வருடத்துக்கு முன் ஒரு தையல்கார அம்மா என்னிடம் வந்தார். உங்களுடையதைவிடச் சின்னக் கிழிசல்தான். ஊரில் ஒருவரிடம் 45 நாள் கட்டோடு இருந்திருக்கிறார். கட்டை அவிழ்த்தபோது முட்டி 40 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. தையல் மிஷின் மிதிக்க அவருக்கு நாலரை மாதம் ஆனது. அந்த நாலரை மாதமும் கட்டுக்குக் கொடுத்த விலை, கிழிசலுக்கு அல்ல. சென்னை வரைக்கும் எங்கே பார்த்தாலும் 'புத்தூர் கட்டு' என்று போர்டு தொங்குகிறது. அதில் எத்தனைக்குப் புத்தூரோடு சம்பந்தம் உண்டு என்று அம்மாவுக்கே தெரியும். எங்கே போட்டாலும், கட்டுக்குக் கீழே விரல் நீலமானாலோ, மரத்துப்போனாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ ராத்திரி என்றும் பார்க்காமல் அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எண்ணெய் போட்டு உருவிவிடுவது, சுளுக்கு வழிப்பது இதெல்லாம் வீங்கிய முட்டியில் வேண்டாம். வலிக்கு மேலே லேசாக எண்ணெய் தடவிக்கொள்வது வேறு, இழுத்து முறுக்குவது வேறு.

முட்டியைக் கட்டிவைத்து ஏ.சி.எல்.லை ஒட்டவைக்கும் முறை ஒன்று ஆஸ்திரேலியாவில் சோதிக்கப்பட்டிருக்கிறதே என்று யாராவது யூடியூபில் காட்டுவார்கள். உண்மைதான். 2023இல் 80 பேரைப் பற்றிய அறிக்கை வந்தது. அதில் முட்டியை நீட்டிக் கட்டவில்லை. 90 டிகிரி மடக்கி 4 வாரம் பிரேஸில் பூட்டி, அப்புறம் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள். மூன்று மாதத்தில் 90 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் கூடியதற்கான அடையாளம் தெரிந்தது. ஆனால் அது அடிபட்ட சில வாரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம் தொடங்க வேண்டியது, காலை மடக்கியே வைப்பதால் ரத்தக்கட்டி உண்டாகும் ஆபத்துக்கு மருந்தும் கண்காணிப்பும் வேண்டும். வீட்டில் தானாகச் செய்து பார்க்கிற விஷயம் இல்லை. உங்களுக்கு அந்த நாளும் ஏறக்குறைய கடந்துவிட்டது.

சரி, நீங்கள் இன்றிலிருந்து என்ன செய்ய வேண்டும்?

எனக்கு உங்கள் கடிதத்தில் அதிகம் உறுத்தியது ஏ.சி.எல். இல்லை. 'முழுதாக நீட்ட முடியவில்லை' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான். மடக்குவது மெல்ல வரும், அதற்கு அவசரம் இல்லை. நீட்டுவது வராமல் நின்றுவிட்டால் நடை கெடும், தொடை எழும்பாது, பின்னால் ஆபரேஷன் செய்தாலும் அதன் பலன் குறையும். ராத்திரி முட்டிக்கடியில் தலையணை வைத்துத் தூங்குகிறீர்களா? பெரும்பாலும் வைத்திருப்பீர்கள், சுகமாக இருக்கும். இன்றிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். மல்லாந்து படுத்து, குதிகாலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, முட்டி தன் கனத்திலேயே கீழே இறங்கும்படி 5 முதல் 10 நிமிடம் விட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு நான்கு முறை. பின்னால் இழுப்பு இருக்கும், அது பரவாயில்லை. இரண்டு வாரத்தில் இடது காலுக்குச் சமமாக வரவில்லை என்றால், அல்லது ஏதோ கல் மாட்டினாற்போல ஓர் இடத்தில் 'டக்' என்று தடுத்து நிற்கிறது என்றால், டாக்டரிடம் போங்கள். கிழிந்த மெனிஸ்கஸ் மடிந்து இடையில் மாட்டியிருக்கலாம். அதற்குப் பயிற்சி உதவாது, காத்திருப்பதும் நல்லதல்ல.

அடுத்தது தொடை. முட்டி வீங்கினால் மூளையே முன்தொடைத் தசையை அணைத்துவிடுகிறது. சோம்பேறித்தனம் இல்லை, நரம்பின் வேலை அது. நீங்கள் எவ்வளவு தைரியசாலி ஆனாலும் அந்தத் தசை கூப்பிட்டால் வராது. அதை மறுபடி எழுப்ப வேண்டும். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டியைத் தரையை நோக்கி அழுத்தித் தொடையை இறுக்கி 5, 10 விநாடி பிடியுங்கள். பத்துத் தடவை. இதை டீ குடிக்கும்போது, போன் பார்க்கும்போது எல்லாம் செய்யலாம். முட்டிச் சில்லு மேலே ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் தசை இன்னும் தூங்குகிறது. அது வந்த பிறகு காலை நேராகத் தூக்குவது. தூக்கும்போது முட்டி கொஞ்சம்கூட மடங்கித் தொங்கக் கூடாது, தொங்கினால் முந்தின பயிற்சிக்கே திரும்புங்கள். கூடவே குதிகாலைப் படுக்கையில் இழுத்து மடக்கும் பயிற்சி.

வீக்கத்தை நீங்களே அளக்க ஒரு வழி சொல்கிறேன். காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, முட்டிச் சில்லின் உள்பக்கப் பள்ளத்தைக் கீழிருந்து மேலாகக் கையால் வழித்துவிடுங்கள். அப்புறம் வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக வழியுங்கள். உள்பக்கப் பள்ளத்தில் நீர் அலை போல வந்து பொங்கினால் இன்னும் நீர் இருக்கிறது. தினமும் காலையில் இதைப் பாருங்கள். நேற்று செய்த வேலைக்குப் பிறகு இன்று காலை நீர் பொங்குவது கூடியிருந்தால் நேற்று அதிகம் செய்துவிட்டீர்கள், பாதியாகக் குறையுங்கள். மாறவில்லை அல்லது குறைந்திருக்கிறது என்றால் ஒரு படி ஏறலாம். எத்தனை வாரம் ஆயிற்று என்பதைவிட இது நம்பகமான அளவுகோல். ஐஸ் வலிக்கு நல்லது, துணியில் சுற்றி 10, 15 நிமிடம். ஆனால் ஐஸும் ஓய்வுமே வைத்தியம் என்று இருந்த காலம் போய்விட்டது. 1978இல் அந்தச் சூத்திரத்தைக் கொடுத்த அமெரிக்க டாக்டர் கேப் மிர்கினே பின்னால் தன் கருத்தை மாற்றிக்கொண்டார்.

வீட்டில் சில மாற்றம் வேண்டும். முதல் 6, 8 வாரத்துக்குக் குந்தி உட்காரும் கக்கூஸ் வேண்டாம். நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் நாற்காலி கிடைக்கிறது, அதை மேலே வைத்துக்கொள்ளுங்கள். சம்மணம் வேண்டாம். வண்டியைக் கிக்கரால் உதைக்கவே கூடாது, உங்களுக்கு அடிபட்டது வலது கால். செல்ஃப் இல்லாத வண்டி என்றால் யாரையாவது உதைக்கச் சொல்லுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். ஊன்றுகோல் பிடித்தால் இடது கையில் பிடியுங்கள், வலது கையில் இல்லை. நொண்டாமல் நடக்க வரும் வரை கோலை விட வேண்டாம். நொண்டிப் பழகினால் அந்த நடையை மாற்றுவது தனி வேலை. பீடி, சிகரெட் இருந்தால் நிறுத்துங்கள், காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். முட்டை, பருப்பு, சுண்டல், மீன் என்று புரதம் நன்றாகச் சாப்பிடுங்கள். தசை வளர அது வேண்டும்.

நீட்டல் சமமாகி, வீக்கம் அடங்கி, நடை நேரான பிறகு உண்மையான உழைப்பு தொடங்குகிறது. பெரும்பாலும் 5, 6ஆவது வாரம். சுவரில் முதுகு சாய்த்துப் பாதி உட்காருவது, மல்லாந்து இடுப்பைத் தூக்குவது, ஆறு அங்குலப் படியில் ஏறி இறங்குவது, நுனிக்காலில் எழும்புவது, ஒற்றைக் காலில் நிற்பது. பின்தொடையை மறந்துவிடாதீர்கள். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பின்னால் இழுத்துப் பிடிக்கும் தசை அதுதான், ஏ.சி.எல்.லுக்குக் கூடப்பிறந்தவன் மாதிரி. வாரத்துக்கு மூன்று நாள், கனம் ஏற்றி ஏற்றிச் செய்ய வேண்டும். பத்து கிலோ அரிசிப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு படி ஏறினாலும் அது பயிற்சிதான், ஜிம் கட்டாயம் இல்லை. எந்தப் பயிற்சியிலும் முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. கண்ணாடி முன்னால் நின்று செய்தால் தெரியும். முட்டிச் சில்லு இரண்டாவது கால்விரலை நோக்கியே இருக்கட்டும்.

தறி வேலையைப் பற்றி. உட்கார்ந்து செய்யும் வேலையாக இருந்தால் இப்போதே போகலாம் என்பேன். விசைத்தறியில் 12 மணி நேர ஷிப்ட் நின்றபடிதான். அறுந்த இழையைப் பிணைக்கவும் நூல் சுற்றிய தார் மாற்றவும் ஒரு தறியிலிருந்து அடுத்த தறிக்குச் சந்தில் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் திரும்பல்தான் ஆபத்து, நிற்பது இல்லை. பாதத்தை ஊன்றி இடுப்பைத் திருப்புகிற பழக்கம் தறிக்காரர்கள் எல்லாருக்கும் உண்டு. கபடியில் உங்கள் ஜவ்வைக் கிழித்ததும் அதே அசைவுதான். இனி இரண்டு எட்டு எடுத்துவைத்து, பாதமும் முட்டியும் உடம்பும் சேர்ந்து திரும்பப் பழகுங்கள். வீட்டிலேயே இரண்டு நாற்காலிக்கு நடுவே ஒரு வாரம் பழகிவிட்டுப் போங்கள். 6 வாரத்துக்குப் பிறகு, பிரேஸோடு, முதலில் அரை ஷிப்ட். முதலாளியிடம் இரண்டு தறி குறைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். கூலி குறையும், எனக்குத் தெரியும். மறுபடி கிழிந்து ஆறு மாதம் வீட்டில் இருப்பதை அவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். தரையில் எண்ணெய் சிந்தியிருந்தால் துடைத்துவிட்டு நில்லுங்கள்.

மூன்று மாதம் ஆனதும் ஆபரேஷன் கேள்விக்கு வாருங்கள். அதற்குள் முட்டி ஒருமுறைகூட நழுவவில்லை, தொடை பலம் இடது காலுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது, சோதனையில் கயிறு கெட்டியாக நிற்கிறது என்றால் பயிற்சியையே தொடருங்கள். சமதரையில் நடக்கும்போது, திரும்பும்போது 'வழுக்கினாற்போல' முட்டி விட்டுக்கொடுக்கிறது என்றால், அது பாதிக் கிழிசல் என்று பெயர் இருந்தாலும் வேலையில் முழுக் கிழிசல். அப்படி விட்டுக்கொடுக்கிற ஒவ்வொரு முறையும் மெனிஸ்கஸ் நசுங்குகிறது, அது போனால் 40 வயதில் தேய்மானம். அப்போது ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். பின்தொடை நாரையோ முட்டிச் சில்லுக்குக் கீழுள்ள நாரையோ எடுத்துப் புதுக் கயிறாக வைப்பார்கள். மிஞ்சியிருக்கும் புரி நன்றாக இருந்தால் அதை வைத்துக்கொண்டே போனதை மட்டும் கட்டுகிற டாக்டர்களும் உண்டு.

ஏன் மூன்று மாதம் பொறுக்கலாம் என்று துணிந்து சொல்கிறேன் என்றால், ஸ்வீடனில் இதைச் சரியாகவே சோதித்திருக்கிறார்கள். ஏ.சி.எல். அறுந்த 121 இளைஞர்களைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷனும் பயிற்சியும், இன்னொரு பாதிக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். 2010இல் முடிவு வந்தது. இரண்டு வருடம் கழித்து இரு பக்கத்து முட்டிகளும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன. பயிற்சிப் பக்கத்தில் 59 பேரில் 23 பேர் அதற்குள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள், ஐந்து வருடத்தில் அது பாதியைத் தொட்டது. அங்கே அறுந்தது முழுக் கயிறு, உங்களுடையது பாதி. முதலில் பயிற்சி செய்ததால் யாரும் கெட்டுப்போகவில்லை, பாதிப் பேருக்கு ஆபரேஷனே தேவைப்படவில்லை என்று நான் அதைப் படிக்கிறேன். ஆபரேஷன் செய்தாலும் அதற்கு முன்னும் பின்னும் இதே பயிற்சியைத்தான் செய்ய வேண்டும். கத்தி வைத்தால் பயிற்சி மிச்சம் என்று நினைக்கிறவர்கள்தான் கடைசியில் அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

ஆபரேஷன் என்று வந்தால் நம் பக்கத்துக்கு வழி இருக்கிறது. கிழக்கே சென்னை, தென்மேற்கே வேலூர் சி.எம்.சி., வடக்கே திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பர்டு எலும்பு ஆஸ்பத்திரி. எல்லையில் இருக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், ரேஷன் கார்டு எந்த மாநிலமோ காப்பீடும் அந்த மாநிலம்தான். பள்ளிப்பட்டில் கார்டு இருந்தால் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு, நகரியில் இருந்தால் ஆந்திர அரசின் காப்பீடு, முன்பு ஆரோக்கியஸ்ரீ என்று இருந்தது. போகும் ஆஸ்பத்திரி உங்கள் கார்டை எடுத்துக்கொள்கிறதா, இந்த ஆபரேஷன் அதில் வருகிறதா என்று முன்னாலேயே காப்பீட்டு மேஜையில் கேட்டுவிடுங்கள். நிறையப் பேர் அட்மிஷன் நாளில்தான் திரும்பி வருகிறார்கள்.

கபடிக்கு நேராகச் சொல்கிறேன். மூன்று மாதத்தில் வலி இருக்காது, ஓட முடியும், ஆட முடியும் என்று தோன்றும். அந்த நாள்தான் எனக்குப் பயம். ஒரு கல்லூரிப் பையன் எட்டாவது வாரத்தில் 'நன்றாக இருக்கிறது அண்ணா' என்று சொல்லிவிட்டு என்னிடம் வருவதை நிறுத்தினான். பத்தாவது வாரத்தில் ஒரு கோயில் திருவிழா மேட்ச். மிஞ்சியிருந்த புரியும் போய், மெனிஸ்கஸும் கிழிந்து வந்தான். அவனுக்கு ஒழுங்காகச் சொல்லாமல் விட்டேனோ என்று இன்றும் மனசில் இருக்கிறது. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்: வலி போனது என்பதற்குக் கயிறு கூடியது என்று அர்த்தம் இல்லை. கபடி மாதிரித் திருகுகிற ஆட்டமும் இளவயதும் சேர்ந்தால் பாதிக் கிழிசல் முழுதாகும் ஆபத்து அதிகம். ஆபரேஷன் செய்தவர்களிடம் 2016இல் வெளியான ஒரு ஆய்வில், ஆட்டத்துக்குத் திரும்புவதை 9 மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆபரேஷன் இல்லாத உங்களுக்கும் நான் அந்த 9 மாதத்தையே வைக்கிறேன். அதோடு சோதனை இருக்கிறது: ஒற்றைக் காலில் முன்னால் குதித்த தூரம், மூன்று குதி சேர்ந்த தூரம், தொடையின் பலம், எல்லாம் இடது காலில் 90 சதவீதத்துக்காவது வர வேண்டும். குதித்து இறங்கும்போது முட்டி உள்ளே சாயக் கூடாது. அது வந்தால் அடுத்த பொங்கலுக்கு இறங்கலாம். வராவிட்டால் கோட்டுக்கு வெளியே நின்று பசங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆட்டத்துக்கு முன் எல்லாரும் சேர்ந்து 20 நிமிடம் குதித்து இறங்கவும், நிறுத்தித் திரும்பவும் பழகினால் இந்தக் காயங்கள் குறையும், கால்பந்தில் அதை நிரூபித்திருக்கிறார்கள்.

நடுவில் இவற்றில் ஏதாவது வந்தால் எதற்கும் காத்திருக்காதீர்கள்: கெண்டைக்கால் வீங்கிச் சூடாகி வலிப்பது, அதோடு மூச்சு வாங்குவது, காய்ச்சலோடு முட்டி சிவந்து கொதிப்பது, பாதம் மரத்துப்போவது அல்லது மேலே தூக்க வராமல் தொங்குவது, முட்டி மாட்டிக்கொண்டு நீட்டவோ மடக்கவோ முடியாமல் நின்றுவிடுவது.

காவடிக்கு வருகிறேன். ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் ஐந்தரை மாதத்துக்கு மேல் இருக்கிறது. முட்டி நழுவாமல் இருந்தால் எடுக்கலாம் என்றே நினைக்கிறேன். திருத்தணியில் 365 படி. ஏறுவது இதயத்துக்கும் தொடைக்கும் கஷ்டம், முட்டிக்குக் கஷ்டம் இறங்குவதில். ஒவ்வொரு படிக்கும் முன்தொடை நீண்டபடியே உடம்பின் கனத்தைப் பிடித்து இறக்க வேண்டும். கூட்டத்தில் பின்னாலிருந்து ஒருவர் தள்ளினால் பாதம் ஊன்றியபடி உடம்பு திரும்பும். சித்திரை மாதத்திலிருந்து கூட்டம் இல்லாத ஒரு விடியற்காலையில் போய், முதல் வாரம் 60 படி ஏறி 60 படி இறங்குங்கள், மறுநாள் காலை உள்பக்கப் பள்ளத்தைப் பாருங்கள். பொங்கவில்லை என்றால் அடுத்த வாரம் 100. ஆனி கடைசியில் 365ம் காவடி இல்லாமல் ஏறி இறங்கி வீக்கம் வராமல் இருந்தால், ஆடியில் கனம் குறைந்த காவடியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் சுற்றல் வேண்டாம், முருகன் கோபிக்க மாட்டார். செலுத்திவிட்டு இறங்கும்போது மட்டும் படியில் வராமல் மலைப்பாதையில் வண்டியில் வந்துவிடுங்கள்.

இந்த வாரம் ஒரு வேலை. தையல் டேப் எடுத்து, முட்டிச் சில்லின் மேல் விளிம்பிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே இரண்டு தொடையின் சுற்றளவையும் அளந்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். குதிகாலைத் துண்டின் மேல் வைத்துப் படுத்தபடி, இரண்டு முட்டியும் பக்கவாட்டிலிருந்து தெரிகிற மாதிரி அம்மாவை ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே மாதிரி இன்னொன்று. இரண்டையும் டாக்டரிடம் கொண்டுபோங்கள், எனக்கும் அந்த எண்களை எழுதுங்கள்.